பொறுப்புக்கூறல்: கணக்காய்வா, தணிக்கையா?

யாழ்ப்பாணத்தில் பத்திரிகை வாசிக்கிற எவருக்கும் பொறுப்புக்கூறல் புதிய சொல் இல்லை. இலங்கையின் இறுதிப் போர் பற்றி ஐ.நா. செயலாளர் நாயகம் அமைத்த நிபுணர் குழுவின் அறிக்கை 2011 இல் வந்ததிலிருந்து, ஜெனீவாவில் மனித உரிமைகள் பேரவை கூடும்போதெல்லாம் அது தலைப்புச் செய்திக்கு வந்துவிடும். 2015 ஒக்டோபரில் நிறைவேறிய 30/1 தீர்மானத்தின் பெயரிலேயே, நல்லிணக்கத்துக்கும் மனித உரிமைகளுக்கும் நடுவில் அது இருக்கிறது. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் ஏந்திய பதாகைகளில் பார்த்துப் பழகிய சொல்லை, மென்பொருள் எழுதுகிற பெடியள் தங்கள் உலகத்துத் தலைவர் ஒருவரைப் பற்றிக் கதைக்கும்போது எடுத்தால் காதுக்குக் கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும். மின்னஞ்சலில் ஆளைத் திட்டியதற்கும் இவ்வளவு பெரிய சொல்லா? சுமை ஒன்றல்ல, சரி. கேட்கப்படுவது ஒன்றுதான்: பதவியில் இருந்து செய்ததற்கு, அதனால் பாதிக்கப்பட்டவர் முன்னால் மறுமொழி.

ஆங்கிலத்தில் இது அக்கவுண்டபிலிட்டி. அடியில் கிடப்பது கணக்கு. கணக்கிடுதல் என்ற பொருளுள்ள கொம்புடாரே என்ற லத்தீன் வினை, பழைய பிரெஞ்சு வழியாக உருமாறி அக்கவுண்ட் ஆனது. கொம்பியூட்டரும் அதே வினையின் பிள்ளைதான். ஆகக் கணினிக்காரருக்கும் கணக்குக் காட்டுவதற்கும் பிறப்பிலேயே உறவு உண்டு, நடைமுறையில் அது அடிக்கடி அறுந்துபோனாலும்.

தமிழில் பொறுப்பு, பொறு என்ற வினைவழி வந்தது. பொறுத்தல் என்றால் சுமத்தல், சகித்தல், மன்னித்தல். பொறை என்றால் பாரமும் ஆகும், பொறுமையும் ஆகும். தன்னை அகழ்பவரையே தாங்கும் நிலம்போல, இகழ்பவரைப் பொறுத்துக்கொள்ளச் சொல்கிறது திருக்குறளின் பொறையுடைமை அதிகாரம். இங்கேதான் ஒரு வேடிக்கை. ஒரே வேரை வைத்துக்கொண்டு தலைவரிடம் ‘பொறுப்பைச் சொல்லு’ என்றும் கேட்கலாம், அவரால் புண்பட்டவரிடம் ‘பொறுத்துப் போ’ என்றும் சொல்லலாம். நிரலை எல்லாருக்கும் திறந்துவைக்கிற திறமூல மென்பொருள் உலகில் பல காலம் நடந்தது இரண்டாவதுதான். ‘அவர் அப்பிடித்தான், ஆனால் மண்டைக்காய்’ என்று புதிதாக வருபவரின் காதில் போட்டுவைப்பார்கள். பொறுப்போடு கூறல் ஒட்டிய பிறகுதான் சொல்லின் முகம் தலைவர் பக்கம் திரும்புகிறது. பொறுப்பு, காரியத்துக்கு முன்பே ஒருவர் தலையில் வைக்கப்படுவது. பொறுப்புக்கூறல், காரியம் நடந்த பிறகு அவரிடம் கேட்கப்படுவது.

இதற்குப் பழைய சொற்களும் உண்டு. உத்தரவாதம் என்பதிலுள்ள உத்தரம், மறுமொழி. ‘அதுக்கு நான் உத்தரவாதி’ என்று முந்திய தலைமுறை சொன்னது ஏறக்குறைய இதே பொருளில்தான். இப்போது அந்தச் சொல் குளிர்சாதனப் பெட்டியோடு தருகிற அட்டைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. கணக்கொப்புவித்தல் இன்னும் நெருங்கிய சொல். மனிதர் பேசும் வீண் வார்த்தைகள் யாவற்றுக்கும் தீர்ப்பு நாளில் கணக்கொப்புவிக்க வேண்டும் என்று தமிழ் விவிலியத்தில் மத்தேயு 12:36 சொல்கிறது. பேச்சையும் கணக்கையும் ஒரே வரியில் இப்படிக் கட்டிப்போட்டது எனக்குப் பிடிக்கும். ஆனால் அலுவலகத் தமிழில் புழங்க அது கொஞ்சம் பாரம். தமிழகத்தில் பொறுப்புடைமை என்று எழுதுவோர் உண்டு. எனக்கு அது குணத்தைச் சொல்வதுபோல, பொறுப்புள்ள பிள்ளை என்று மெச்சுவதுபோல ஒலிக்கிறது. கூறல் என்றால் வாய் திறக்க வேண்டும், எதிரே கேட்க ஆள் இருக்க வேண்டும். என் வாக்கு அதற்கே.

சொல்லை வைத்து நடக்கிற குழப்பம் எல்லாம் இன்னொரு சொல்லில் வந்து முடிகிறது: தணிக்கை. தமிழகத்தில் வரவு செலவைச் சரிபார்ப்பதும் தணிக்கை, படத்தில் காட்சியை வெட்டுவதும் தணிக்கை. இலங்கையில் நாம் இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறோம். கணக்கைப் பார்ப்பது கணக்காய்வு. பத்தரமுல்லையில் இருப்பது தேசிய கணக்காய்வு அலுவலகம். தணிக்கை என்றால் இங்கே வெட்டுவது மட்டும்தான். போர்க்காலத்தில் பத்திரிகை படித்தவர்களுக்கு இந்த வேறுபாட்டைச் சொல்லித்தரத் தேவையில்லை. சர்ச்சைக்குரிய ஒரு மென்பொருள் தலைவரைப் பற்றி வாக்குவாதம் வரும்போது ஒரு பக்கம் கணக்காய்வு கேட்கும், மறுபக்கம் அதைத் தணிக்கை என்று கேட்டுக் கொதிக்கும். சில வேளை முதற்பக்கத்தார் கேட்பதும் உண்மையிலேயே தணிக்கையாகத்தான் இருக்கும். அதையும் மறைக்கக் கூடாது.

நம்மூர்ச் சனசமூக நிலையத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். செயலாளர் கூட்ட அறிக்கை வாசிப்பார், பொருளாளர் கணக்கறிக்கை வாசிப்பார். பின்வரிசையில் இருந்து ஒருவர் எழும்பி, ‘வாசிகசாலைக் கூரைக்குச் செலவு எண்டு போட்டிருக்கிறியள், பற்றுச்சீட்டு எங்கை?’ என்பார். தலைவருக்கு முகம் சிவந்துவிடும். ‘இவ்வளவு காலம் உழைச்ச என்னட்டையோ கேக்கிறியள்?’ என்பார். பொருளாளர் கோப்பைத் திறந்து சீட்டைக் காட்டினால் ஒருவர் முன்மொழிய, இன்னொருவர் வழிமொழிய, அறிக்கை ஏற்கப்படும். தலைவரின் வாயை அங்கே யாரும் கட்டவில்லை. அவர் வீட்டு விறாந்தையில் இருந்து என்ன அரசியல் கதைக்கிறார் என்று கேட்கவுமில்லை. கேட்டது கூரையைப் பற்றி.

இனி மென்பொருள் உலகத்துக்கு வருவோம். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983 இல் கட்டற்ற இயங்குதளம் ஒன்றை உருவாக்கும் குனூ திட்டத்தை அறிவித்து, 1985 இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கியவர். அந்த ‘கட்டற்ற’ ஆங்கிலத்தில் ஃப்ரீ, இலவசமும் ஆகும், சுதந்திரமும் ஆகும். அதை விளக்க அவர்கள் வழக்கமாகச் சொல்வதே பேச்சுச் சுதந்திரத்தைத்தான்: இலவச பியர் இல்லை, சுதந்திரப் பேச்சு. 2019 செப்டம்பரில், பாலியல் குற்றவாளி ஜெஃப்ரி எப்ஸ்டீன் விவகாரத்தில், காலஞ்சென்ற கணினி அறிஞர் மார்வின் மின்ஸ்கியைத் தற்காத்து அவர் எழுதிய மின்னஞ்சல்கள் வெளியே வந்தன. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்திலிருந்தும் அறக்கட்டளைத் தலைமையிலிருந்தும் விலகினார். 2021 மார்ச்சில் பணிப்பாளர் சபைக்குத் திரும்பிவிட்டதாக அவரே ஒரு மாநாட்டில் அறிவித்தார். அவர் போக வேண்டும் என்று ஒரு பகிரங்கக் கடிதம், இருக்க வேண்டும் என்று இன்னொன்று. இரண்டிலும் ஆயிரக்கணக்கில் கையெழுத்து.

அவர் சொன்னது சரியா என்று சண்டை பிடித்தவர்கள் பலர் கவனிக்காமல் விட்ட ஒரு விடயம் உண்டு. சபை அவரைத் திரும்ப எடுத்த முடிவு, அறக்கட்டளையின் ஊழியருக்கே தெரியாது. ஊழியரிடம் முதலில் சொல்லிக் கலந்து பேசியிருக்க வேண்டும் என்று சபையே அடுத்த மாதம் அறிக்கை விட்டது. என் பார்வையில் பொறுப்புக்கூறல் என்ற சொல் மிகச் சரியாகப் பொருந்துவது இந்த இடத்தில்தான். பேசியதற்கு ஸ்டால்மன் சொல்ல வேண்டியது ஒன்று, ஆளை அமர்த்திய விதத்துக்குச் சபை சொல்ல வேண்டியது இன்னொன்று. பின்னதற்குப் பேச்சுச் சுதந்திரத்தை இழுக்கவே வழியில்லை. கட்டற்ற இயங்குதளம் ஒன்றைத் தயாரிக்கும் டெபியன் திட்டம் இதுபற்றி என்ன சொல்வது என்று உறுப்பினரிடம் வாக்கெடுத்தது. பகிரங்க அறிக்கை எதுவும் விடுவதில்லை என்ற தெரிவு வென்றது. அதுவும் கூட்டம் கூடி எடுத்த முடிவுதான்.

லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸின் கதை வேறு. 2018 செப்டம்பரில், தன் மின்னஞ்சல் தாக்குதல்கள் தொழிலுக்கு ஒவ்வாதவை, தேவையற்றவை என்று எழுதி மன்னிப்புக் கேட்டு, லினக்ஸ் கருநிரல் (கேர்னல், இயங்குதளத்தின் மையப் பகுதி) வேலையிலிருந்து சிறிது காலம் விலகி நின்றார். அவரோடு வேலைசெய்யும் கிரெக் குரோ-ஹார்ட்மன் அப்போதைய வெளியீட்டைக் கவனித்துக்கொண்டார். கருநிரலுக்கு ஒரு புதிய ஒழுக்கக்கோவையும் அப்போதே வந்தது. இனிப் பேச்சுக்கும் பொலிஸா என்று கத்தியவர்கள் இருந்தார்கள். ஒக்டோபரில் லினஸ் திரும்பி வந்தார். மோசமான நிரலை இப்போதும் மோசம் என்றுதான் சொல்கிறார்.

பிரண்டன் ஐக் விடயம்தான் தொண்டையில் நிற்பது. ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியை உருவாக்கியவர், 2014 மார்ச்சில் பயர்பாக்ஸ் உலாவியைத் தயாரிக்கும் மொசில்லாவின் தலைமை நிறைவேற்று அதிகாரி ஆனார். ஒருபாற் திருமணத்தைத் தடுக்கும் கலிபோர்னியப் பிரேரணைக்கு 2008 இல் அவர் 1,000 டொலர் கொடுத்திருந்ததை வைத்து எதிர்ப்புக் கிளம்பியது. இரண்டு கிழமைக்குள், ஏப்ரல் 3 அன்று, விலகினார். வேலைத்தளத்தில் யாரையும் நடத்திய விதம் பற்றிய முறைப்பாடு இல்லை; இருந்தது வேலைக்கு வெளியே எடுத்த அரசியல் நிலைப்பாடு. தன் கல்யாண உரிமைக்கு எதிராகப் பணம் கொடுத்தவருக்குக் கீழே எப்படி நம்பி வேலை செய்வது என்று ஓர் ஊழியர் கேட்டால் அதிலும் நியாயம் உண்டு. இருந்தும் இதைப் பொறுப்புக்கூறல் என்று எழுத எனக்குக் கை வராது. நம்பிக்கை இழப்பு என்று எழுதுவேன்.

சட்டம் இதில் சொல்வது கொஞ்சம்தான். இலங்கை அரசியலமைப்பின் 14 ஆம் உறுப்புரை பேச்சுச் சுதந்திரம் தருகிறது. அரசு அதில் கைவைத்தால் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். 2024 இன் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்துக்கு எதிர்ப்பு எழுந்ததும் அரசின் கை நீளும் என்ற பயத்தில்தான். ஒரு மென்பொருள் திட்டம் தன் தலைவரை மாற்றுவது இந்த வகைக்குள் வராது. ஒருவருக்குப் பேச உரிமை உண்டு. தலைமைக் கதிரைக்கு உரித்து எழுதிக் கொடுக்கவில்லை.

பைதன் என்ற நிரல்மொழித் திட்டத்தில் அந்தக் கதிரைக்கு ஒரு பட்டமே இருந்தது: ஆயுட்கால நல்லெண்ணச் சர்வாதிகாரி. பகிடியாக வைத்த பெயர்தான். மொழியை உருவாக்கிய குவிடோ வான் ரொஸம் 2018 ஜூலையில், மொழியில் மாற்றம் கேட்ட 572 ஆம் முன்மொழிவு பற்றிய சண்டையில் களைத்து, அதைத் தானே இறக்கி வைத்தார். பிறகு வந்தது 5 பேர் கொண்ட வழிநடத்தற் சபை. ஒவ்வொரு பெரிய வெளியீட்டுக்குப் பிறகும் தேர்தல், இடையில் நம்பிக்கையில்லா வாக்கெடுப்புக்கும் வழி.

எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள். பொறுப்புக்கூறல் என்பதைச் சேர்த்தே, நடுவில் க் போட்டு எழுத வேண்டும். வாக்கியத்தில் அது இரண்டு கேள்விக்கு இடம் கேட்கும்: எதற்கு, யாரிடம். ‘தலைவர் பொறுப்புக்கூற வேண்டும்’ என்று மட்டும் எழுதினால் அது தண்டனை கேட்பதுபோல வாசிக்கப்படும். ‘நீக்கிய முடிவுக்குச் சபை தன் உறுப்பினரிடம் பொறுப்புக்கூற வேண்டும்’ என்றால் விளங்கும். எதிர்ச்சொல்லுக்குப் பொறுப்புக்கூறலற்ற என்று நாக்கைச் சுளுக்கிக்கொள்ள வேண்டாம். கேட்டுக் கேள்வியில்லாத என்று யாழ்ப்பாணத்தில் எல்லாரும் சொல்வது இருக்கிறதே.