ஸ்டிரெச்சரை மேலே இழுக்க எத்தனை பேர் வேண்டும்?

சிங்கப்பூரின் மிக உயரமான குன்றான புக்கிட் தீமா 163 மீட்டர்தான். டெய்ரி ஃபார்ம் கற்சுரங்கப் பாறையில் பழகிவிட்டு மலேசியாவின் 4,095 மீட்டர் கினபாலு மலைக்குக் கிளம்புகிறவர்கள் நம்மிடையே உண்டு. அங்கே பள்ளத்தில் விழுந்து கால் முறிந்தவரை மேலேற்றுவது கைவலிமையைவிடக் கயிற்றுக் கணக்கையே நம்பியிருக்கிறது.

அடிபட்டவர், ஸ்டிரெச்சர், கூடவே ஏறும் மீட்பாளர் எல்லாம் சேர்த்து 200 கிலோ என்று வைத்துக்கொள்வது மீட்புக் குழுக்களின் வழக்கம். கயிற்றைப் பிடித்து ஒருவர் விடாமல் இழுக்கக்கூடியது சுமார் 20 கிலோ. செங்குத்தான பாறையில் நேராக இழுக்கப் பத்துப் பேர் வேண்டும். விளிம்பில் அத்தனை பேருக்கு இடம் இருக்காது.

அதனால் கயிற்றை 'இசட்' வடிவில் இரண்டு கப்பிகள் வழியே மடிப்பார்கள். ஒரு கப்பி மேலே நங்கூரத்தில், அதாவது பாறையில் கயிற்றை அசையாமல் கட்டும் இடத்தில் இருக்கும். இன்னொன்று சுமைக் கயிற்றில் புருசிக் என்ற பிடிமுடிச்சால் தொங்கும். சுமையை மூன்று இழைகள் பகிர்ந்துகொள்வதால் 67 கிலோ விசை போதும். ஆனால் 1 மீட்டர் ஏற்ற 3 மீட்டர் கயிறு இழுக்கவேண்டும். இது உராய்வே இல்லாத கணக்கு. ஒவ்வொரு கப்பியும் விசையில் பத்தில் ஒரு பங்கைத் தின்றால் 74 கிலோ, அதாவது நான்கு பேர். கப்பிக்குப் பதில் வெறும் காரபினரில் (திறந்து மூடும் உலோகக் கொக்கி வளையம்) கயிற்றை ஓடவிட்டால் நாற்பது சதவீதம் வரை வீணாகும். 102 கிலோ, ஆறு பேர். கூரான விளிம்பில் கயிறு உரசினால் இன்னும் கூடும், கயிறும் அறுபடும். எனவே விளிம்பில் உருளையோ தடித்த துணியோ கட்டாயம்.

புருசிக் என்பது 7 மில்லிமீட்டர் தடிமனுள்ள சிறு கயிற்று வளையம். பெரிய கயிற்றில் மூன்று முறை சுற்றவேண்டும். சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் ஒட்டிப் படியவேண்டும். சுமை வந்ததும் இறுகிப் பிடிக்கும், சுமை இல்லாதபோது விரலால் தள்ளினால் நகரும். கப்பி நங்கூரத்தை நெருங்கியதும் நிறுத்தி, இன்னொரு புருசிக்கிடம் சுமையைக் கொடுத்துவிட்டு, முதல் முடிச்சைக் கீழே தள்ளி மீண்டும் இழுப்பார்கள். சேறு படிந்த கயிற்றில் முடிச்சு வழுக்கும்; கவனிக்காவிட்டால் கப்பிக்குள்ளேயே சிக்கும். அதைப் பார்த்துக்கொள்ள ஒருவரைத் தனியாக நிறுத்துவதும், பக்கத்தில் இரண்டாவது காப்புக் கயிறு கட்டுவதும் இதற்காகத்தான்.

இங்கிலாந்து, வேல்ஸ் மலைமீட்புக் குழுவினர் சம்பளம் வாங்காத தொண்டூழியர்கள். மீட்கப்பட்டவரிடம் கட்டணம் கேட்பதில்லை. பெரும்பாலும் நன்கொடையில்தான் குழு ஓடுகிறது. வண்டியும் வானொலியும் கண்ணுக்குத் தெரியும் செலவு. கயிறோ ஓயாத செலவு. தொடாமல் அலமாரியில் வைத்திருந்தாலும் நைலான் கயிற்றுக்குத் தயாரிப்பாளர்கள் பொதுவாகப் பத்தாண்டுக்கு மேல் கெடு தருவதில்லை. பலத்த அதிர்ச்சி தாங்கியதையும் உறை கிழிந்ததையும் அன்றே ஒதுக்கவேண்டும். ஒதுக்கியதைத் துண்டு துண்டாக வெட்டிப் போடவேண்டும், வேறு யாரும் எடுத்து அதில் தொங்கிவிடக்கூடாதல்லவா.