மேட் வாட்ச்சில் கீறல் விழுந்தால்

எவர்சில்வர் வாட்ச் ஒன்றின் பட்டையை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பல வாட்ச்களில் இரண்டு வகைப் பரப்பு தெரியும். நடுக் கண்ணிகள் முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளக்கும். ஓரக் கண்ணிகளில் மயிரிழை போன்ற கோடுகள் ஒரே திசையில் நெருங்கி ஓடும். இதைத்தான் மேட் பினிஷ், பிரஷ்டு பினிஷ் என்கிறார்கள். அந்தக் கோடுகளும் கீறல்கள்தான். தொழிற்சாலையில் வேண்டுமென்றே போட்டவை. அதனால் மேட் பரப்பில் விழுந்த கீறலுக்கு மெருகுப் பசை மருந்தாகாது. பசையைத் தேய்த்தால் கீறல் மறைவதற்கு முன்பே கோடுகள் மழுங்கி, அந்த இடம் மட்டும் எண்ணெய் பட்டதுபோல் மினுங்கும்.

கோட்டில் விழும் ஒளி, கோட்டுக்குச் செங்குத்தான திசையில் விசிறிபோல் விரிகிறது. எல்லாக் கோடுகளும் இணையாக இருப்பதால் எல்லா விசிறிகளும் ஒரே பக்கம் விரிகின்றன. குறுக்கே ஓடும் கீறலின் விசிறி வேறு பக்கம் திரும்பியிருக்கும். சுற்றிலும் மங்கலாகத் தெரியும் கோணத்தில் அது மட்டும் பளிச்சிடும். வாரிய தலையில் குறுக்கே கிடக்கும் ஒற்றை முடியைப்போலத்தான் இது. அதே ஆழமுள்ள கீறல் கோடுகளின் திசையிலேயே விழுந்திருந்தால் கண்ணில் படவே படாது. ஆகவே கீறலை அதே திசைக் கோடுகளுக்குள் கரைத்துவிடுவதுதான் வேலை.

பெரும்பாலான எவர்சில்வர் வாட்ச்களின் உலோகம் 316எல் என்ற வகை: 16 முதல் 18% குரோமியம், 10 முதல் 14% நிக்கல், 2 முதல் 3% மாலிப்டினம், மீதி பெரும்பாலும் இரும்பு. துருப்பிடிக்காதே தவிர, அவ்வளவு கடினமானதல்ல. தெருப்புழுதியில் இருக்கும் குவார்ட்ஸ் மணல் (கடினத்தன்மையைக் குறிக்கும் மோஸ் அளவில் 7) அதைச் சுலபமாகக் கீறிவிடும். அப்படிக் கீறும்போது உலோகம் முழுவதும் பெயர்ந்து போவதில்லை. ஏர் ஓட்டிய சாலின் இருபுறமும் மண் மேடு கட்டுவதுபோல, கீறலின் இரு கரையிலும் உலோகம் பிதுங்கி நிற்கும். கண்ணை உறுத்துவதில் பெரும்பங்கு அந்த மேடுகளுக்குத்தான். முதல் நாலைந்து இழுப்பிலேயே கீறல் பாதி மறைந்ததுபோல் தோன்றுவது மேடுகள் வெட்டுப்படுவதால்தான். பலர் அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

கை வைக்கக் கூடாதவற்றை முதலில் ஒதுக்குங்கள். தங்க முலாம், பிவிடி எனப்படும் மெல்லிய கறுப்புப் பூச்சு, மேற்பரப்பைக் கடினப்படுத்திய வகைகள் (சிட்டிசன் நிறுவனத்தின் டூராடெக்ட், சின் நிறுவனத்தின் டெகிமென்ட்) ஆகியவற்றில் மேலடுக்கு மிக மெல்லியது. தேய்த்தால் திரும்ப வராது.

பட்டையைக் கழற்றி, மிதமான சூட்டுத் தண்ணீரில் பாத்திர சோப்புத் திரவம் இரண்டு சொட்டு விட்டு, மென்மையான பல்துலக்கியால் கண்ணி இடுக்குகளைக் கழுவிக் காயவிடுங்கள். இடுக்கில் ஒரு மணல் துகள் தங்கினாலும் அது புதுக் கீறல் போடும். பளபளப்பான கண்ணிகளுக்கு மெருகு தேவையென்றால் அதை முதலில் முடித்துவிட வேண்டும். கோடு போடுவது எப்போதும் கடைசி வேலை. பிறகு பளபளப்பான பகுதிகளை, மொபைல் பழுதுபார்ப்பவர்கள் பயன்படுத்தும் காப்டன் டேப்பால் இரண்டு மூன்று அடுக்காக மூடுங்கள். ஓரடுக்கு நாலு இழுப்பில் கிழிந்துவிடும். டேப்பின் விளிம்பை நகத்தால் நன்றாக அழுத்தி ஒட்டுங்கள். வாட்ச் கூட்டிலேயே வேலை செய்வதானால் கண்ணாடியையும் மூட வேண்டும். பல வாட்ச்களில் கண்ணாடியாக இருக்கும் சஃபையர் என்பது படிக அலுமினியம் ஆக்சைடு. கோடு போடப் பயன்படுத்தப்போகும் உராய்வு நாரிலும் பெரும்பாலும் அதே பொருள்தான். கண்ணாடி தப்பினாலும் அதன் மேலுள்ள எதிரொளி தடுக்கும் பூச்சு தப்பாது.

கார் பெயின்ட் கடைகளில் கிடைக்கும் அரக்கு நிற உராய்வு நார் ஏறக்குறைய 320–400 எண் உப்புத்தாளுக்குச் சமம். சாம்பல் நிற நார் அதைவிட நைசானது. எது பொருந்தும் என்று தெரிந்துகொள்ள, அளவு குறைக்கும்போது எடுத்து வைத்த உபரிக் கண்ணியில் முதலில் சோதியுங்கள். பாத்திரம் தேய்த்த பச்சை நார் வேண்டாம். இரும்பு நாரோ கூடவே கூடாது. அதன் துணுக்குகள் பரப்பில் பதிந்து, வியர்வை பட்டதும் துருப்புள்ளிகளாக வெளிவரும்.

நாரை ஒரு தட்டையான மரக்கட்டையில் ஒட்டி மேசையில் அசையாமல் வைத்து, பக்கத்தில் ஒரு ஸ்டீல் அளவுகோலை வேலியாக நிறுத்துங்கள். பட்டையை அந்த அளவுகோலை ஒட்டி ஒரே திசையில் இழுக்க வேண்டும். இழுத்து முடித்ததும் தூக்கி, தொடங்கிய இடத்துக்குக் கொண்டுவந்து மறுபடி இழுங்கள். முன்னும் பின்னும் தேய்த்தால் திரும்பும் இடத்தில் கோடு வளைந்து மீன்வால்போல் பிரியும். கண்ணியின் நடுவே இழுப்பை நிறுத்தினால் அங்கே தழும்பு விழும். கை ஓரிரு பாகை சாய்ந்தாலும் பக்கத்துக் கண்ணியோடு ஒப்பிடும்போது காட்டிக்கொடுத்துவிடும். அழுத்தம் லேசாக, மூன்று இழுப்புக்கு ஒருமுறை ஒற்றை விளக்கின் கீழ் சாய்த்துப் பார்ப்பது போதும்.

மரக்கட்டை எதற்கு? விரலால் அழுத்தினால் மெத்தென்ற நார் விளிம்பைச் சுற்றி வளைந்து, கூர்மையை மழுக்கிவிடும். கோடு அழிந்தால் மறுபடி போடலாம். மழுங்கிய விளிம்பை அப்படித் திருப்ப முடியாது. பழைய வாட்ச்களின் மதிப்பு குறைவதற்கும் இந்த மழுங்கல்தான் பெரும்பாலும் காரணம்.

நகம் தட்டுகிற அளவுக்கு ஆழமான கீறல் வேறு கணக்கு. 0.05 மி.மீ. ஆழக் கீறலை முழுதாக அகற்ற, அந்தப் பரப்பு முழுவதையும் 0.05 மி.மீ. இறக்க வேண்டும். ஒரு கண்ணியில் மட்டும் இறக்கினால் பள்ளம் தெரியும். கரை மேட்டை மட்டும் வெட்டிவிட்டு விட்டுவிடுவதே நல்லது. அவசியமென்றால் லேசர் வெல்டிங்கால் உலோகம் நிரப்பிச் சீர்செய்யும் தொழில்முறைப் பட்டறைகள் உண்டு.

வேலை முடிந்ததும் டேப்பை உரித்து, பட்டையை மறுபடி கழுவுங்கள். பாதுகாப்புப் பூச்சு எதுவும் தேவையில்லை. புதிதாக வெட்டுப்பட்ட உலோகத்தில் குரோமியம் காற்றோடு சேர்ந்து, சில நானோமீட்டர் தடிமனுள்ள ஆக்சைடு படலத்தைத் தானே உருவாக்கிக்கொள்ளும். கண்ணி இடுக்கில் தங்கிய கருந்தூள் முழுவதும் வெளியேறும்வரை இரண்டு மூன்று தண்ணீர் மாற்றி அலசிவிட்டே மாட்டுங்கள். இல்லையென்றால் அந்தத் தூளே கண்ணிகளை உள்ளிருந்து அரைக்கும்.