பாறைமேல் ஊர், களிமண்மேல் பாறை

இத்தாலியில் ஃபிளாரன்ஸிலிருந்து ரோமுக்குச் செல்லும் ரயிலில் வந்து ஓர்வியேட்டோ நிலையத்தில் இறங்குபவர், ஊர் எங்கே என்று முதலில் தேடத்தான் வேண்டியிருக்கும். நிமிர்ந்து பார்த்தால் பழுப்பும் செம்மஞ்சளும் கலந்த செங்குத்தான பாறைச்சுவர் ஒன்று நிற்கிறது. அதன் விளிம்பை ஒட்டிச் சில கூரைகள் தலைகாட்டுகின்றன. மேலே ஏறியதும் எல்லோரும் நேராகப் பேராலயத்துக்குப் போகிறார்கள். 1290-இல் கட்டத் தொடங்கப்பட்டு, கறுப்பு பசால்ட் கல்லும் வெள்ளை டிராவர்டைன் கல்லும் வரிவரியாக அடுக்கப்பட்ட அந்தக் கட்டடம் பார்க்கத் தகுந்ததே. எனினும், இந்த ஊர் ஏன் இங்கே இருக்கிறது, எவ்வாறு இத்தனை நூற்றாண்டுகள் நிலைத்தது, ஏன் ஓரங்களில் உதிர்கிறது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை ஆலயத்தில் இல்லை. பாறைச்சுவர் முடிந்து பசுஞ்சரிவு தொடங்கும் அந்தக் கோட்டில்தான் இருக்கிறது.

பாறையின் கதை தென்மேற்கே, இன்று பொல்சேனா ஏரி இருக்கும் இடத்தைச் சுற்றிலும் இருந்த எரிமலைத் தொகுதியில் தொடங்குகிறது. ஏறத்தாழ மூன்று லட்சம் ஆண்டுகளுக்கும் முன்பு அது வெடித்தபோது, கொதிக்கும் சாம்பலும் நுரைக்கல் துண்டுகளும் வாயுவும் கலந்த பெருக்கு, தரையை ஒட்டி வெள்ளம்போலப் பாய்ந்து பல கிலோமீட்டர் தூரத்துக்குப் படிந்தது. படிந்த சாம்பலில் பெரும்பகுதி உண்மையில் நொறுங்கிய எரிமலைக் கண்ணாடிதான். வெப்பமும் நீரும் அந்தக் கண்ணாடியை மெல்ல மெல்ல ஜியோலைட் என்னும் கனிமங்களாக மாற்றின. அவை துகள்களுக்கு நடுவே பசைபோல் வளர்ந்து, சாம்பலைக் கல்லாக்கின. இதையே இத்தாலியர் டூஃபோ என்கிறார்கள். இந்த மாற்றம் நிகழாத பகுதிகள் சாம்பல் நிறத்தில் பொலபொலவென்று உதிரும் பொட்ஸொலானாவாகவே தங்கிவிட்டன. சுண்ணாம்புடன் கலந்தால் நீருக்கடியிலும் இறுகும் காரையைத் தருவது இந்தப் பொட்ஸொலானாதான். ஒரே படிவில் ஒரு பக்கம் கட்டடக் கல்லும் மறுபக்கம் காரைப்பொடியும் கிடைப்பது, ஊர் கட்ட வந்தவர்களுக்கு வாய்த்த பேறு என்றே சொல்ல வேண்டும்.

இவ்வாறு படிந்தது ஒரு தனிக்குன்று அன்று, பரந்த ஒரு விரிப்பு. பிற்காலத்தில் ஆறுகளும் ஓடைகளும் அதை அறுத்து அறுத்துக் கீழேயுள்ள மென்மண்ணை வாரிக்கொண்டு போனபோது, எஞ்சிய துண்டுகள் தட்டையான தலையும் செங்குத்தான விலாவும் கொண்ட தீவுகளாக நின்றுவிட்டன. ஓர்வியேட்டோ அப்படிப்பட்ட ஒரு தீவு. மதில் கட்டாமலே மதில் அமைந்த இந்த இடத்தில், ரோமானியருக்கு முன்பே நடு இத்தாலியில் வாழ்ந்த எட்ருஸ்கர்கள் வெல்ஸ்னா என்ற நகரை அமைத்தார்கள் என்றும், கி.மு. 264-இல் ரோமானியர் அதை அழித்து மக்களைப் பொல்சேனா ஏரிக்கரைக்குக் குடிபெயர்த்தார்கள் என்றும் வரலாற்றாசிரியர்களில் பெரும்பாலோர் கருதுகிறார்கள்.

டூஃபோ நுண்துளைகள் நிறைந்த கல். எடை குறைவு, இரும்புக் கருவியால் எளிதாக வெட்டலாம், வெட்டிய பின் ஈரம் வற்றக் கொஞ்சம் இறுகவும் செய்யும். ஆகவே வீடு கட்டக் கல் வேண்டியவர் வீட்டுக்கு அடியிலேயே தோண்டினார். கல் மேலே போய்ச் சுவரானது, தோண்டிய குழி நிலவறையானது. இருபத்தைந்து நூற்றாண்டுகளாக இது தொடர்ந்ததன் விளைவாக, இன்று ஊருக்கு அடியில் 1,200-க்கும் மேற்பட்ட குகைகள் கணக்கிடப்பட்டுள்ளன. அவற்றுள் எண்ணெய்ச் செக்குகள் உண்டு. சுவர் முழுதும் சதுரப் பொந்துகள் வெட்டி இறைச்சிக்காகப் புறா வளர்த்த அறைகள் உண்டு. திராட்சை மது முதிரும் பாதாள அறைகள் உண்டு. கல்லின் நுண்துளைகளில் அடைபட்ட காற்று வெப்பத்தை எளிதில் கடத்துவதில்லை. ஆகையால் ஆழத்தில் உள்ள அறையின் வெப்பநிலை கோடையிலும் குளிர்காலத்திலும் அவ்வூரின் ஆண்டுச் சராசரியை ஒட்டியே நிற்கிறது. ஓர்வியேட்டோவின் வெள்ளை மதுவுக்குக் கிடைத்த புகழில் இந்தக் கல்லுக்கும் பங்கு உண்டு.

கல்லைப் பற்றி இவ்வளவு சொன்ன பின் நீரைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாதிக் கதைதான். டூஃபோவுக்கு அடியில் ஆற்றுப்படிவுகளின் அடுக்கும், அதற்கும் அடியில் பழங்காலக் கடற்படுகையின் களிமண்ணும் கிடக்கின்றன. மேலே பெய்யும் மழை டூஃபோவின் துளைகளிலும் வெடிப்புகளிலும் இறங்கிவிடுகிறது; களிமண் அதை உள்ளே விடுவதில்லை. எனவே தடுக்கப்பட்ட நீர் பக்கவாட்டில் நகர்ந்து, பாறையின் அடியில் ஊற்றுகளாகக் கசிகிறது. ஊர் உச்சியில், நீரோ அடிவாரத்தில்! முற்றுகையிடும் பகைவன் பாறையில் ஏறத் தேவையில்லை. ஊற்றுகளைச் சுற்றி நின்றுகொண்டால் போதும்.

இந்த அச்சத்துக்கு விடையாகத் தோண்டப்பட்டதுதான் புனித பாட்ரிக் கிணறு. 1527-இல் பேரரசர் ஐந்தாம் சார்லஸின் படைகள் ரோமைச் சூறையாடியபோது, தப்பி வந்து ஓர்வியேட்டோவில் தஞ்சம் புகுந்த போப் ஏழாம் கிளமெண்ட், அந்தோனியோ தா சாங்கல்லோ என்னும் கட்டடக் கலைஞரிடம் இப்பணியை ஒப்படைத்தார். 1537-இல் வேலை முடிந்தபோது கிளமெண்ட் உயிரோடு இல்லை. கிணறு 53 மீட்டர் ஆழமும் ஏறத்தாழ 13 மீட்டர் அகலமும் கொண்டது. நடுவிலுள்ள குழாய்போன்ற வெற்றிடத்தைச் சுற்றி இரண்டு சுருள்பாதைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னி இறங்குகின்றன. ஒவ்வொன்றிலும் 248 அகன்ற, தாழ்வான படிகள். நீர் சுமக்கும் கோவேறு கழுதைகள் ஒரு வாயிலில் நுழைந்து இறங்கி, அடியிலுள்ள சிறு பாலத்தைக் கடந்து, மற்றப் பாதையில் ஏறி எதிர்ப்பக்க வாயிலால் வெளியேறும். இறங்கும் விலங்கு ஏறும் விலங்கை ஓரிடத்திலும் சந்திக்காது. உள்ளே விளக்கேற்றத் தேவையில்லாதபடி, நடுவெற்றிடத்தை நோக்கித் திறந்த 70 ஜன்னல்கள் வானத்து ஒளியைப் பாதைக்குள் கொண்டுவருகின்றன. இவற்றை எல்லா வழிகாட்டிகளும் சொல்வார்கள். நான் கவனிக்கச் சொல்வது சுவரை. மேற்பகுதியில் டூஃபோ தானாகவே நிற்கிறது. கீழே களிமண் தொடங்கிய பின்னோ செங்கல் கட்டி முட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. ஊரின் நிலவியல் முழுவதையும் படியிறங்கியபடியே பார்த்துவிடலாம்.

ரயில் நிலையத்திலிருந்து ஊருக்கு ஏறும் கம்பிவட ரயிலும் 1888-இல் நீரையே நம்பி ஓடத் தொடங்கியது. மேலே நிற்கும் பெட்டியின் தொட்டியில் நீர் நிரப்பினால் அது கனத்து இறங்கும். இறங்கும்போது வடத்தின் மறுமுனையில் உள்ள பெட்டியை மேலே இழுக்கும். இப்போது அது மின்சாரத்தில் ஓடுகிறது.

ஊருக்கு நீர் தந்த அதே அடுக்கமைப்புதான் ஊரை உதிர்க்கவும் செய்கிறது. டூஃபோ முறியும், வளையாது. நனைந்த களிமண் நெகிழும், முறியாது. பாறையின் நடுப்பகுதியில் களிமண்ணைச் சுற்றிலும் களிமண்ணே அணைத்திருப்பதால் அது அசைவதில்லை. ஓரத்திலோ வெளிப்பக்கம் தாங்குவதற்கு ஒன்றும் இல்லை. மேலிருந்து அழுத்தும் பாரத்தில் அது சிறிது சிறிதாக வெளியே பிதுங்குகிறது. மேலே உள்ள பாறை அதனோடு சேர்ந்து நீள முடியாமல், விளிம்புக்கு இணையாக வெடிக்கிறது. சூடான படிவு ஆறிச் சுருங்கிய காலத்திலேயே உண்டான செங்குத்து வெடிப்புகள் இந்த வேலைக்கு வழி போட்டு வைத்திருக்கின்றன. மழைநீர் வெடிப்பில் நிறைந்து இருபக்கமும் தள்ளுகிறது. அடியில் போய்க் களிமண்ணை மேலும் இளக்குகிறது. ஒருநாள் வீட்டளவு பாறைத் துண்டு சாய்ந்து விழுகிறது. விழுந்த குவியல் சரிவின்மேல் புதிய பாரமாகி, அடுத்த சரிவுக்குக் காரணமாகிறது. விளிம்பை ஒட்டிய குகைகளும், நவீன காலத்தில் குழாய்களிலும் கழிவுநீர்த் தடங்களிலும் இருந்து கசிந்த நீரும் இந்தப் போக்கை விரைவுபடுத்தின.

இது முற்றிய நிலையைக் காண விரும்புபவர், ரோமைச் சூழ்ந்த லாட்ஸியோ மாநிலத்துக்குள் சற்றுத் தொலைவில் உள்ள சிவிட்டா தி பான்யோரேஜோவுக்குப் போகலாம். இரண்டு ஓடைகளுக்கு நடுவே, கையளவே எஞ்சிய டூஃபோத் தட்டின்மேல் அவ்வூர் நிற்கிறது. ஓடைகள் களிமண்ணை ஆழமாக அறுத்துக்கொண்டே போக, சரிவுகள் செங்குத்தாகி, மேலே தட்டின் ஓரம் தெருத் தெருவாகக் கழிந்துவிட்டது. 1695-இல் நிகழ்ந்த நிலநடுக்கத்துக்குப் பின் ஆட்சி அலுவலகமும் ஆயர் பீடமும் அடுத்த மேட்டிலுள்ள பான்யோரேஜோவுக்கு மாறின. இரு மேடுகளையும் இணைத்த நிலப்பாலமும் அரிப்பில் தேய்ந்துபோனதால், 1965-இல் கட்டிய நடைபாலமே இன்று ஊருக்குள் போகும் வழி. பதின்மூன்றாம் நூற்றாண்டில் இங்கே பிறந்த இறையியலாளர் புனித பொனவெந்தூராவின் வீடு இருந்த இடம் இப்போது வெறும் காற்று. நிலையாகக் குடியிருப்போர் பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் இல்லை. பார்க்க வருவோரிடம் 2013 முதல் நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள்.

பாலத்தில் நின்று கீழே பார்த்தால், கத்தி முனைகளை அடுக்கியதுபோன்ற வெளிர்சாம்பல் முகடுகள் தெரியும். கலாங்கி என்பது இவற்றின் பெயர். கடலில் படிந்த களிமண்ணில் சோடியம் மிகுதி. சோடியம் மிகுந்த களிமண்ணின் துகள்கள் நன்னீர் பட்டதும் ஒன்றையொன்று விட்டு விலகிக் கரைந்தோடும். கோடை வெயிலில் அது காய்ந்து பிளக்கிறது. அடுத்த மழை பிளவுக்குள் இறங்கி, கரைத்து, ஓடையாக்குகிறது. தெற்கு நோக்கிய சரிவுகள் வெயிலை அதிகம் வாங்குவதால், கூர்மையான முகடுகள் பெரும்பாலும் அந்தப் பக்கத்திலேயே உருவாகின்றன. மரம் வேரூன்றுவதற்குள் மண்ணே போய்விடுவதால் அங்கே பசுமை குறைவு. படம் எடுப்பவர்களுக்கு இதைவிட நல்ல காட்சி கிடைக்காது; ஊருக்கு இதைவிடக் கெட்ட அடித்தளமும் கிடைக்காது.

ஓர்வியேட்டோவின் நிலை இவ்வளவு மோசமாகவில்லை. தட்டு பெரியது, கவனிப்பும் கிடைத்தது. 1978-இல் இத்தாலிய அரசு ஓர்வியேட்டோவுக்கும் அண்டையிலுள்ள தோடி என்னும் ஊருக்குமாகத் தனிச்சட்டம் இயற்றி, பாறை முகத்தில் எஃகுத் தண்டுகளை ஆழச் செருகித் தளர்ந்த துண்டுகளை உள்பாறையோடு பிணைப்பதற்கும், குகைகளை வலுப்படுத்துவதற்கும், குடிநீர், கழிவுநீர்க் குழாய்களைப் புதுப்பிப்பதற்கும், சரிவுகளில் வடிகால் அமைப்பதற்கும் பணம் ஒதுக்கியது. இவற்றுள் எஃகுத் தண்டுகள்தான் கண்ணில் படும். ஆனால் நோயின் வேர் நீர் என்பதால், கண்ணில் படாத குழாய்களையும் வடிகால்களையும்தான் நான் பெரிய வேலை என்பேன்.

பாறையின் அடியைச் சுற்றி ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் நீளமுள்ள நடைபாதை ஒன்று செல்கிறது. பேராலயத்துக்கு ஒதுக்கும் நேரத்தில் பாதியையாவது இதற்குக் கொடுக்கலாம். ஒரு பக்கம் தலைக்குமேல் எழும் டூஃபோச் சுவரில் வெடிப்புகளையும், வெளியே திறந்துகொண்ட பழைய குகைகளின் வாய்களையும், தண்டுகளின் தலைகளையும் பார்க்கலாம். மறுபக்கம் சரிவில் அங்கங்கே கசியும் ஊற்றுகளைக் காணலாம். வடபுறத்தில் இந்தப் பாதை குரோச்சிஃபிஸோ தெல் டூஃபோ என்னும் எட்ருஸ்கர் இடுகாட்டை அடைகிறது. கி.மு. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த கல்லறைகள் அங்கே வீடுகள்போல நேர்த்தெருக்களில் வரிசையாக நிற்கின்றன. டூஃபோக் கற்களால் கட்டப்பட்ட அவற்றின் வாசல் மேற்கல்லில், உரியவரின் பெயர் வலமிருந்து இடமாகச் செதுக்கப்பட்டிருக்கிறது.