புளியங்கொட்டையும் ஒற்றை ஃபோட்டானும்

1927ஆம் ஆண்டு பிரஸ்ஸல்ஸ் நகரில் நடந்த சால்வே மாநாட்டில் ஐன்ஸ்டைன் ஓர் ஐயத்தை எழுப்பினார். சிறு துளையைக் கடக்கும் துகளின் அலை, அப்பால் உள்ள திரை முழுவதையும் நோக்கி விரிகிறது. துகளோ திரையின் ஒரு புள்ளியில் மட்டுமே பதிகிறது. பதிந்த அக்கணமே மற்ற எல்லா இடங்களிலும் அலை இல்லாமற்போக வேண்டுமானால், தொலைவைப் பொருட்படுத்தாத ஏதோ ஒரு செயல் அங்கே நிகழ்வதாக அல்லவா கொள்ள வேண்டும்? 1935இல் போடோல்ஸ்கி, ரோசன் ஆகியோருடன் அவர் முன்வைத்த இரட்டைத் துகள் வாதமே பெரும்புகழ் பெற்றது. ஆனால் அவரை முதலில் உறுத்தியது ஒற்றைத் துகள்தான்.

விழும் ஒளியில் பாதியை எதிரொளித்து, மறுபாதியை ஊடுருவ விடும் கண்ணாடி ஒன்றின் மீது ஒரே ஒரு ஃபோட்டானை, அதாவது ஒளித்துகளை, அனுப்பி, பிரியும் இரு பாதைகளின் முடிவிலும் உணரிகளை வைக்கலாம். 1986இல் பிரான்சில் கிராஞ்சியே, ரோஜே, அஸ்பே ஆகிய மூவரும் இவ்வாறு சோதித்து, இரண்டு உணரிகளும் ஒருசேரத் துடிப்பது மிக அரிது என்று காட்டினர். ஃபோட்டான் பாதியாக உடைவதில்லை என்பதற்கு இது நல்ல சான்று; ஐன்ஸ்டைனின் ஐயத்துக்கோ இது விடையாகாது. மூடிய இரு கைகளில் ஒன்றில் புளியங்கொட்டையை ஒளித்து விளையாடும்போது, இடக்கை விரிந்து கொட்டை தெரிந்ததும் வலக்கை வெறுங்கை என்பது உடனே விளங்கிவிடுகிறது. கொட்டை தொடக்கம் முதலே அங்கேதான் இருந்தது என்பதால் இதில் விந்தை ஏதுமில்லை. ஃபோட்டானை எண்ணுவதோடு நிறுத்திக்கொள்ளும் எந்தச் சோதனையாலும், முன்பே ஓரிடத்தில் இருந்த கொட்டையையும் ஐன்ஸ்டைன் ஐயுற்ற விரிந்த அலையையும் வேறுபடுத்திக் காட்ட முடியாது.

குவாண்டம் கோட்பாட்டின்படி, ‘இங்கே ஒன்று, அங்கே சுழி’, ‘இங்கே சுழி, அங்கே ஒன்று’ என்னும் இரு நிலைகளும் மேற்பொருந்தியே, அதாவது அளக்கும்வரை எது என்று முடிவாகாமல் ஒன்றாகவே, இருக்கின்றன. இரு பக்கங்களும் இப்படித் தனித்தனியே விவரிக்க முடியாதபடி பிணைந்திருப்பதைப் பின்னல் என்பர். பின்னல் என்றால் குறைந்தது இரண்டு இழைகளாவது வேண்டாமா, ஒற்றைத் துகள் எதனோடு பின்னும் என்று இயற்பியலாளர்களே வாதிட்டதுண்டு. இங்கே இழைகளாக இருப்பவை துகள்கள் அல்ல, இரு பாதைகளிலும் உள்ள ஒளிப்புலங்கள் என்பதே என் பார்வையில் பொருத்தமான விடை.

இந்தப் பின்னலைத் தொட்டுப் பார்க்கக் கைகொடுப்பது ஹோமோடைன் அளவீடு. பாதையில் வரும் நலிந்த ஒளியோடு வலுவான லேசர் ஒளியைக் கலந்து, இரு ஒளி டையோடுகளில் எழும் மின்னோட்டங்களின் வேறுபாட்டை அளந்தால், அப்புலத்தின் அலைத்தன்மையைக் குறிக்கும் ஓர் எண் கிடைக்கிறது. லேசரின் கட்டத்தை, அதாவது அதன் அலை ஏற்ற இறக்கத்தில் எந்த நிலையில் இருக்கிறது என்பதை, மாற்றினால் அளக்கப்படும் பண்பும் மாறுகிறது. எண்ணும் உணரி சில ஃபோட்டான்களைத் தவறவிடலாம். இங்கோ ஒவ்வொரு முறையும் ஓர் எண் வந்தே தீரும் என்பதால், தவறியவற்றைக் காரணம் காட்டி முடிவை மறுக்க வழியில்லை.

டோக்கியோ பல்கலைக்கழகத்தின் ஃபுருசாவா, ஆஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வைஸ்மன் ஆகியோரின் குழு 2015இல் வெளியிட்ட சோதனையில், ஒரு பாதை ஆலிஸுக்கும் மற்றது பாபுக்கும் சென்றது; இரு பக்கத்து அளவீட்டாளர்களுக்கு இயற்பியலாளர்கள் வழக்கமாக இடும் பெயர்கள் இவை. ஆலிஸ் ஆறு கட்டங்களில் ஒன்றைத் தேர்ந்து அளக்க, பாப் தன் பக்கத்து நிலையைத் தனியே அளந்தறிந்தார். பாபின் கையில் இருப்பது புளியங்கொட்டையைப் போல முன்பே முடிவான ஒரு நிலை என்றும், ஆலிஸ் அதை ஊகித்து மட்டுமே சொல்கிறார் என்றும் வைத்துக்கொண்டால், அவர்களுடைய முடிவுகள் ஒத்துப்போவதற்கு ஒரு வரம்பு உண்டு. அந்த வரம்பு 0.042 அளவுக்கு மீறப்பட்டது, பிழையளவு 0.006. எண் சிறிதாகத் தோன்றினாலும் பிழையைப் போல் ஏழு மடங்கு.

பாபின் கருவியை நம்பியே இச்சோதனை நடைபெறுகிறது. இரு பக்கத்தையும் நம்பாத பெல் சோதனை இதைவிடக் கடுமையானது. ஆலிஸின் தேர்வு எதுவாயினும் பாபின் மொத்தப் பதிவுகள் மாறாமல் ஒரே கலவையாகவே தெரியும். ஆலிஸின் குறிப்பேடு வந்து சேர்ந்து, அதன்படி தன் பதிவுகளைப் பிரித்து அடுக்கும்போதுதான் ஆலிஸின் தேர்வுக்கேற்ற வேறுபாடு பாபுக்குப் புலப்படும்; குறிப்பேடோ ஒளியைவிட வேகமாக வருவதில்லை.