வாத்து எச்சத்தில் வைரஸின் வம்சம்

ஏரிக்கரையில் பறவை செத்துக் கிடந்தால், பறவைக் காய்ச்சல் வைரஸை நினைத்து "எச்5என்1-ஆ டாக்டர்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். கால்நடை மருத்துவரான எனக்கு அந்தப் பெயர் பாதிப் பதில்தான். எச், என் இரண்டும் வைரஸின் மேலே இருக்கும் புரதங்கள். அதன் மரபணுத் தொகுதி எட்டுத் துண்டுகளாக இருக்கிறது. ஒரே வாத்துக்குள் இரண்டு வைரஸ்கள் நுழைந்தால், சீட்டுக்கட்டு மாதிரி துண்டுகள் கலைந்து புதுச் சேர்க்கை பிறக்கும். எட்டையும் வரிசைப்படுத்திப் படித்தால்தான் வம்சம் பிடிபடும்.

2005 மே மாதம் சீனாவின் சிங்ஹாய் ஏரியில் 6,000-க்கும் மேற்பட்ட பறவைகள் செத்தன. பெரும்பாலும் வரித்தலை வாத்துகள்; குளிர்காலத்தில் நம் கூந்தன்குளத்துக்கு வருகிற அதே இனம். அந்த வைரஸின் எச் மரபணுவைப் பின்னோக்கித் தேடினால், 1996-இல் சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் பண்ணை வாத்திடம் கண்ட வைரஸில் போய் நிற்கிறது. பண்ணையிலிருந்து காட்டுக்குப் போன நோய் இது. அப்புறம் அதே கிளை 2006-க்குள் ஐரோப்பா, ஆப்பிரிக்கா வரை பரவியது. அந்த ஆண்டு மகாராஷ்டிரத்தின் நவாப்பூர் கோழிப் பண்ணைகளிலும் வந்தது. பறவையின் சிறகோடு கோழி வியாபாரத்தின் லாரியையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

எச் புரதம் வெட்டுப்பட்டால்தான் வைரஸ் செல்லைத் தொற்ற முடியும். மரபணு வரிசை வந்ததும் நான் முதலில் தேடுவது அது வெட்டுப்படும் இடத்தை. அங்கே ஆர்ஜினின், லைசின் அமினோ அமிலங்கள் வரிசையாக நின்றால் உடம்பின் எந்த உறுப்பிலும் வைரஸ் பெருகும். கோழிகள் கூட்டமாகச் சாகும். அவை இல்லாத சாதுவான வகைகள் வாத்தின் குடலில் சத்தமில்லாமல் இருந்துவிட்டுப் போகும். ஆகவே நல்லா நீந்துகிற வாத்திடம் 'பாசிட்டிவ்' வந்தால் உடனே பீதி வேண்டாம். அடுத்தது, வைரஸ் தன்னை நகலெடுக்க உதவும் பிபி2 புரதத்தின் 627-ஆம் இடம். அங்கே குளூட்டாமிக் அமிலம் போய் லைசின் வந்திருந்தால், பாலூட்டிகளின் செல்லில் பெருக வைரஸுக்கு எளிதாகிறது. சிங்ஹாய் வைரஸ்களில் அந்த மாற்றம் இருந்தது.

இதற்கெல்லாம் பறவையைப் பிடிக்கவேண்டும் என்றில்லை. கரையில் ஈரம் காயாத எச்சமே போதும். நம் வெயிலில் ஐஸ் பெட்டி இல்லையென்றால் வைரஸின் மரபுப் பொருளான ஆர்என்ஏ சிதைந்துவிடும், அவ்வளவுதான். பெரும்பாலான மாதிரிகளில் எதுவும் கிடைக்காது. அதையும் பதிவு செய்கிறோம்.

செத்த பறவையை வெறுங்கையால் தொடாதீர்கள். போட்டோ எடுத்து வனத்துறைக்கோ கால்நடை மருத்துவமனைக்கோ சொல்லுங்கள். வெடி போட்டு விரட்டினால் நோயுள்ள பறவைகள் அடுத்த குளத்துக்குப் போகும். அறுவடை வயலில் வாத்து மேய்ப்பவர்களுக்கு ஒன்று: திடீரென்று நாலைந்து செத்தால், மிச்சத்தை அவசரமாக விற்காதீர்கள். விற்ற வாத்தோடு வைரஸும் வேறு ஊர் போய்விடும். எங்கே தொடங்கியது என்று பார்க்க எங்களுக்கு மாதிரியும் மிஞ்சாது.