ஓவன் சொல்லும் ஆயுள் கணக்கு

இழுப்பறையில் சில ஆண்டுகள் கிடந்த ரப்பர் பேண்டைத் தொட்டால் விரலில் பிசுபிசுவென்று ஒட்டும், இழுத்தால் அறுந்துவிடும். வெயிலே படாத இடத்தில் அதை அப்படி ஆக்கியது காற்றிலுள்ள ஆக்சிஜன்.

இயற்கை ரப்பரின் மூலக்கூறு, ஐசோப்ரீன் அலகுகள் ஆயிரக்கணக்கில் கோத்த நீண்ட சங்கிலி. ஒவ்வோர் அலகிலும் ஓர் இரட்டைப் பிணைப்பு உண்டு. அதற்கு அடுத்த கார்பனிலுள்ள ஹைட்ரஜன் எளிதில் கழன்றுவிடும். காலியான இடத்தில் ஆக்சிஜன் வந்து ஒட்டும். இப்படிப் பிறக்கும் பெராக்சி தனி உறுப்பு (இணை சேராத எலக்ட்ரானுடன், எதனோடும் வினைபுரியத் துடிக்கும் மூலக்கூறுத் துண்டு), பக்கத்துச் சங்கிலியிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பறித்து ஹைட்ரோபெராக்சைடு ஆகிறது. அதுவும் உடைந்து மேலும் இரண்டு தனி உறுப்புகளைத் தருகிறது. அதனால்தான் முதலில் மெல்ல நடக்கும் சீரழிவு, பிறகு வேகமெடுக்கிறது. எடையில் 1 சதவீதம் ஆக்சிஜன் சேர்ந்தாலே ரப்பரின் வலு பெருமளவு போய்விடும். இயற்கை ரப்பரில் சங்கிலிகள் அறுவதுதான் அதிகம், எனவே இளகும். ஸ்டைரீன்-பியூட்டாடையீன் என்ற செயற்கை ரப்பரில் சங்கிலிகளுக்கு இடையே புதிய குறுக்குப் பிணைப்புகள் உண்டாகி, அது இறுகி விரிசல் விடும்.

சரி, ஒரு கேஸ்கெட் (இணைப்புகளில் கசிவைத் தடுக்கும் ரப்பர் அடைப்பு) 40 ஆண்டு தாங்குமா என்று இன்றே எப்படிச் சொல்வது? ஓவனில் சுட்டுப் பார்ப்பதுதான் பழைய வழி. வெப்பநிலை 10 டிகிரி கூடினால் வினையின் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்று கொண்டால், 140 டிகிரி செல்சியஸில் ஒரு வாரம் என்பது 30 டிகிரியில் கிட்டத்தட்ட 40 ஆண்டுக்குச் சமம். கேட்க எவ்வளவு வசதியாக இருக்கிறது!

ஆனால் இந்தக் கணக்கை நம்பிவிடக் கூடாது. அதிக வெப்பத்தில் மேற்பரப்பே ஆக்சிஜனை எல்லாம் தின்றுவிடுகிறது. உள்ளே ஊடுருவ எதுவும் மிஞ்சுவதில்லை. வெளித்தோல் கருகி இறுக, நடுப்பகுதி புதிதாகவே இருக்கும். சாதாரண வெப்பநிலையிலோ வினை மெதுவானது, ஆக்சிஜன் உள்வரை பரவி முழுத் துண்டையும் ஒரே சீராகக் கெடுக்கிறது. இரண்டும் ஒரே முதுமை அல்ல.

அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்தில் கில்லன், கிளஃப் ஆகியோர் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். முதுமையடைந்த ரப்பரைக் குறுக்கே வெட்டி, ஓரத்திலிருந்து நடுவரை நுண்ணிய முனையால் அழுத்தி, ஒவ்வொரு புள்ளியிலும் விறைப்பை அளந்தார்கள். ஓரம் விறைத்து நடு இளக்கமாக இருந்தால் அந்தச் சோதனை இயற்கையான முதுமையைக் காட்டவில்லை என்று பொருள். இன்னொரு முறை எனக்கு இதைவிடப் பிடிக்கும்: தெரிந்த அளவு ஆக்சிஜனோடு ரப்பரை ஒரு கலத்தில் அடைத்து, அறை வெப்பநிலைக்கு அருகிலேயே மாதக்கணக்கில் வைத்து, எவ்வளவு ஆக்சிஜன் குறைந்தது என்று அளப்பது. இழுவைச் சோதனையில் மாற்றமே தெரியாத காலத்திலும் இந்த அளவீடு சீரழிவைக் காட்டிக்கொடுத்துவிடும்.