பனிக்காலத்தில் தேனீப்பெட்டியைத் திறக்காதீர்கள்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணக் கிராமப்புறத் தோட்டங்களில் தேனீ வளர்ப்பவர்களுக்கு ஆலோசனை சொல்வது என் தொழில். ஜனவரியில் முழங்காலளவு பனி கொட்டிய மறுநாள் எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பெரும்பாலும் ஒரே கேள்விதான் இருக்கும்: "எல்லாம் விறைத்துச் செத்திருக்குமோ, ஒருமுறை திறந்து பார்க்கட்டுமா?" தயவுசெய்து திறக்காதீர்கள்.

வெப்பநிலை ஏறத்தாழ 14 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்கியதும் தேனீக்கள் ராணியை நடுவில் வைத்துப் பந்துபோலத் திரண்டுகொள்கின்றன. இறக்கையை அசைக்காமல், பறப்பதற்கான தசைகளை மட்டும் அதிரச் செய்து, சேமித்த தேனை உண்டு அவை வெப்பத்தை உண்டாக்குகின்றன. தேனீக் குஞ்சுகளான புழுக்களின் வளர்ப்புத் தொடங்கிவிட்டால், வெளியே உறைநிலைக்குக் கீழே 20 பாகை குளிர் இருந்தாலும் அந்தப் பந்தின் நடுப்பகுதி 34 பாகையை ஒட்டியே இருக்கும். மூடியைத் தூக்கினால் அந்த வெப்பம் போய்விடுவதோடு, இலையுதிர்காலத்தில் அவை பிசின் வைத்து அடைத்த இடுக்குகளும் பிளந்துவிடுகின்றன. குளிரில் பிசின் இறுகிக் கிடப்பதால் அவற்றால் மீண்டும் அடைக்க இயலாது. உயிர் இருக்கிறதா என்று அறிய, பெட்டியின் பக்கவாட்டில் காதை வைத்து விரலால் மெதுவாக ஒருமுறை தட்டுங்கள். ரீங்காரம் சட்டென்று எழுந்து அடங்கினால் கூட்டம் உயிரோடு இருக்கிறது.

குளிரைவிட ஈரம் கொடியது. ஒரு தோட்டத்தில், குளிருக்குப் பாதுகாப்பு என்று பிளாஸ்டிக் தாளால் இடைவெளியின்றிச் சுற்றியிருந்த பெட்டியை வசந்தத்தில் திறந்து பார்த்தேன். தேனீக்களின் மூச்சிலிருந்து வந்த நீராவி மூடியின் அடிப்புறத்தில் நீராகிச் சொட்டியிருந்தது. கைப்பிடியளவே மிஞ்சிய கூட்டம், தலைகளைத் தேனடையின் வெற்று அறைகளுக்குள் நுழைத்தபடி நனைந்து இறந்துகிடந்தது. தேனடைகளைத் தாங்கும் மரச் சட்டங்களில் இரண்டுக்கு அப்பால் நிறையத் தேன் இருந்தது. கடுங்குளிரில் பந்தைக் கலைத்து அந்தச் சிறிய தூரத்தைக்கூட அவற்றால் கடக்க முடியவில்லை. மேற்புறத்தில் விரல் நுழையுமளவு ஒரு துளை இருந்திருந்தால் ஈரக்காற்று வெளியேறியிருக்கும் என்பதை நினைக்கும்போது இன்றும் மனம் கனக்கிறது.

பெட்டியின் மேல் குவிந்த பனி போர்வையாகவே பயன்படுகிறது. அதை வழித்தெறிய வேண்டாம். வாயிலில் சேரும் பனிக்கட்டியையும் இறந்த தேனீக்களையும் மட்டும் குச்சியால் விலக்கினால் போதும். வெயிலடிக்கும் நாளில் பெட்டியின் முன் பனிமேல் மஞ்சள் புள்ளிகளும் சில உடல்களும் தெரிந்தால் அஞ்ச வேண்டியதில்லை. வாரக்கணக்கில் கூட்டுக்குள் கழிக்காமல் அடக்கிவைத்ததை வெளியே வந்து கழித்துவிட்டு, இறந்தவற்றையும் அகற்றியிருக்கின்றன என்பதே அதன் பொருள்.

ஆனால் ஜனவரியில் கேட்கப்படும் கேள்விக்கான விடை பெரும்பாலும் ஆகஸ்டிலேயே தீர்மானமாகிவிடுகிறது. கோடைக்காலப் பணித்தேனீ ஆறு வாரம் வாழ்ந்தாலே அதிகம். கோடையின் முடிவில் பிறக்கும் தேனீயோ, உடலில் சேமித்த கொழுப்பின் துணையால் ஐந்து, ஆறு மாதங்கள்வரை வாழ்கிறது. தேனீயின் உடலில் ஒட்டி வாழும் வரோவா உண்ணி அந்தக் கொழுப்புத் திசுவைத்தான் உண்கிறது என்பதை 2019-இல் வெளியான ஆய்வு காட்டியது. அதனால் உண்ணிக்கான சிகிச்சையை, இந்த நெடுவாழ்வுத் தேனீக்கள் வளரத் தொடங்குமுன் முடித்துவிட வேண்டும். அக்டோபரில் விழித்துக்கொள்பவர்கள் ஏற்கெனவே நலிந்த கூட்டத்தையே பனிக்குள் அனுப்புகிறார்கள். இதை நான் எத்தனை முறை சொன்னாலும் போதாது.

மார்ச் மாதம்தான் பட்டினிக்காலம். புழு வளர்ப்பால் தேன் வேகமாகக் கரையும். பூவோ இன்னும் இராது. பெட்டியின் பின்பக்கத்தை ஒரு கையால் சற்றே தூக்கிப் பாருங்கள். சுலபமாக எழும்பினால், காற்றில்லாத மிதமான பகலில் சர்க்கரைக் கட்டியைக் கூட்டத்திற்கு நேர்மேலே, சட்டங்களின் மீது வைத்து, ஒரு நிமிடத்திற்குள் மூடிவிடுங்கள். சர்க்கரைப்பாகு அப்போது வேண்டாம். அது ஈரத்தைக் கூட்டும். வேலியோரத்து வில்லோ மரங்கள் பூத்து, தேனீக்கள் காலில் மஞ்சள் மகரந்தத்தோடு திரும்பும்வரை, வாரம் ஒருமுறை இப்படித் தூக்கிப் பார்த்துவாருங்கள்.